வராந்தாச் சுவர்

அன்று காலை சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில் எங்கள் லயத்து வரிசை வீட்டில் இருந்தவர்கள்: அம்மா ராமுத்தாய். அக்கா மோனிஷா. அம்மாவின் அண்ணன் சுடலை மாமா; சாமான் தூக்க வந்தவர், தூக்கியதைவிடப் பேசியது அதிகம். வடகரப்பதியிலிருந்து லாரியோடு வந்த பொங்கியண்ணன். எங்களிடம் சாவியை வாங்குவதா, என் பேரை எழுதிக்கொண்டு போவதா என்று கேட்க வந்த எஸ்டேட் சூப்பர்வைசர் ரிஞ்சு. கடைசியாக நான், பாண்டீஸ்வரன்.

அக்காவுக்கு வடகரப்பதிப் பக்கம் ஒரு பால் சொசைட்டியில் வேலை கிடைத்திருந்தது. கறந்து வரும் பாலைச் சோதித்து, கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்லும் லேப் இனி அவள் பொறுப்பு. எங்கள் லயத்தில் படித்து வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அதற்காகக் குடும்பமே கிளம்பிப் போனதில்லை. காரணம் வீடு. வீடு கம்பெனியுடையது. யாராவது ஒருவர் பேர் எஸ்டேட்டில் இருக்கும்வரைதான் அது நமக்கு. அதனால் மற்றவர்கள் எங்கே போனாலும் வீட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆளை விட்டுவிட்டுப் போவார்கள். அம்மா வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். மிச்சமிருந்த ஆள் நான்.

நான் ஃபாக்டரியில் நைட் ஷிப்டை விட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். "நீ பேரு குடுத்துரு மாப்ள, வீடு தங்கும்" என்று மாமா சொன்னபோது சரி என்றேன். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். சரி என்பதற்கு எதுவும் தேவையில்லை. அம்மாவிடமும் மாமாவே சொன்னார். அவள் சாமான் கட்டப் போய்விட்டாள். ஆகவே அன்று காலைவரை நான் லாரியில் ஏறுவேனா, வீட்டோடு நிற்பேனா என்று யாருக்கும் தெரியாது. எனக்கும்தான்.

ஆனால் கிளம்பும் வேலை முழுவதும் என் தலையில்தான் இருந்தது. கேஸ் சிலிண்டர், ரேஷன் கார்டு, லாரி எல்லாம் நான் பார்த்தேன். எதை முதலில் ஏற்றுவது, எதைக் கடைசியில் ஏற்றுவது என்று யோசித்து வைத்திருந்தேன். பாதிச் சாமான் ஏறிய பிறகு பீரோவைத் தூக்கினோம். அது வாசலில் சிக்கிக்கொண்டது. படுக்கவைத்துப் பார்த்தோம். சாய்த்துப் பார்த்தோம். வரவில்லை.

"என்ன கூத்துடா இது? உள்ள போன பீரோ வெளிய வராதா?" என்றார் மாமா.

"உள்ள எங்கண்ணே போச்சு?" என்றாள் அம்மா. "அது அங்கனயேதான் நின்னுச்சு. நாமதான் சுத்திச் சுவர் வச்சோம்."

கம்பெனி கொடுத்தது ஒரு அறையும் அடுப்படியும், முன்னால் திறந்த வராந்தாவும். அக்கா பத்தாவது படிக்கும்போது அவளுக்கு ஒரு இடம் வேண்டுமென்று வராந்தாவைச் சுவர் வைத்து அடைத்தோம். அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்து ரோட்டிலிருந்து செங்கல் சுமந்தாள். மூணாறில் யாரோ கழற்றிப்போட்ட ஒடுங்கலான கதவு ஒன்று கிடைத்தது. அதை வைத்தோம். பீரோ அதற்கு முன்பே வராந்தாவில் இருந்தது. இங்கே பாதி வீடுகளில் இப்படித்தான். சாமானைச் சுற்றி வீடு வளரும். யாரும் வெளியே எடுக்கப் போவதில்லை என்பதால் யாரும் அளப்பதில்லை.

பொங்கியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஏனுங்க தம்பி, வண்டியோட நீளம் அகலமெல்லாம் போன்ல அத்தன கேட்டீங்களே. ஊட்டு வாசல அளக்கலீங்களா?"

"அவன் அடுத்தவங்க வண்டியத்தான் அளப்பான்ணே" என்றாள் அக்கா.

"வெரசாப் பாருங்க அம்மிணி. இருட்டறதுக்குள்ள மறையூரு எறங்கோணும். ஆனை வந்து நின்னா அப்பறம் அதுகிட்டத்தான் வழி கேக்கோணும்."

மாமா பீரோவைத் தட்டினார். அவருக்கு வழி கிடைத்துவிட்டது. "சரி, விடு. பீரோ இங்கனயே கெடக்கட்டும். மாப்ளயும் இங்கனயே கெடக்கட்டும்."

"பீரோவும் அவனும் ஒண்ணாண்ணே?" என்றாள் அம்மா.

"ரெண்டும் அசையாதுல்ல."

ரிஞ்சு சிரித்தான். எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு அம்மாவிடம், "சேச்சி, ஒரு தீருமானம் சொல்லணும். பாண்டி பேரு தர்றானெங்கில் சுவர் நிக்கட்டும், குழப்பமில்ல. வீட்டைத் திருப்பித் தர்றதெங்கில் கம்பெனி கொடுத்த மாதிரி தரணும்" என்றான்.

"அதான் நானும் சொல்லுதேன்" என்றார் மாமா. இப்போது அவர் குரலில் கிண்டல் இல்லை. "நாளைக்கு அந்தச் சொசைட்டிக்காரன் மோனிய வேணாம்னுட்டா எங்க போவ ராமுத்தாயி? சட்டி பானையோட யாரு வாசல்ல வந்து நிப்ப? வீடு போனாப் போனதுதான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அப்படி வந்து நின்றவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

"வேணாம்னா வேற எடத்துல வேல தேடுவேன் மாமா. இங்க வரமாட்டேன்" என்றாள் அக்கா. கத்தவில்லை. நாளைக்கு என்ன குழம்பு என்பதுபோலச் சொன்னாள்.

அம்மா அவளைப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"ஏலே பாண்டி, தேயிலைச் செடியக் கவாத்து வெட்டணும்னு ஒனக்கு ஆசையா?"

"இல்ல."

"மருந்து அடிக்க?"

"இல்ல."

"பெறகு எதுக்குலே இங்க நிக்க?"

"வீட்டப் பாத்துக்கத்தான்."

"வீட்டுக்கு எதுக்குலே காவலு? அதென்ன ஆடா, மாடா, அவுத்துக்கிட்டு ஓட?"

அம்மா பொங்கியண்ணனிடம் திரும்பினாள். "கடப்பாரைய ஏத்தியாச்சாண்ணே? எறக்குங்க."

அம்மாவின் முதல் அடியில் காரை மட்டும் உதிர்ந்தது. இரண்டாவது அடியில் ஒரு செங்கல் அசைந்தது. தான் சுமந்து வந்த செங்கலைத்தான் அடிக்கிறாள் என்பதெல்லாம் அவள் முகத்தில் இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடி ஓங்கினாள். சத்தம் கேட்டு லயத்து ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒருத்தி கீழே குழாயடியிலிருந்தே, "என்ன ராமுத்தாயி, வீட்ட எடுத்துட்டானுங்களா?" என்று கேட்டாள்.

"எடுக்கல" என்றாள் அம்மா, எல்லா வாசலுக்கும் கேட்கும்படி. "நாங்களாக் குடுக்கோம். எம் மவளுக்கு வேல கெடச்சிருக்கு. குடும்பத்தோட போறோம்."

நான் அந்த லயத்திலேயே பிறந்தவன். வீட்டைப் பறித்துவிட்டார்கள் என்று கேட்டிருக்கிறேன். பிடித்துவைத்திருக்கிறோம் என்று கேட்டிருக்கிறேன். குடுக்கிறோம் என்று ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். சொன்னது என் அம்மா. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மாமாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "கீழ அடிக்காதட்டி, சுவரு ஒம் மேலயே விழும். மேலருந்து எடுக்கணும். குடு இங்க." கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டார். நானும் அக்காவும் செங்கலை எடுத்து அடுக்கினோம். "உடைக்காம அடுக்குங்கடே, எனக்குக் கோழிக்கூட்டுக்கு ஆவும்" என்றார் மாமா. திட்டிக்கொண்டேதான் இடித்தார். ஆனால் நன்றாக இடித்தார்.

பீரோ நின்றபடியே வெளியே வந்தது. பொங்கியண்ணன் அதைக் கயிறு போட்டுக் கட்டினார். வராந்தா திறந்து கிடந்தது. எதிரில் தேயிலைச் சரிவு முழுவதும் தெரிந்தது. ரிஞ்சு சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். "மெயின் ஸ்விட்ச் ஆஃப் பண்ணிடு பாண்டி."

உள்ளே போய் அணைத்தேன். அறை மூலையில், எனக்கென்று மாமா ஒதுக்கி வைத்திருந்த ஸ்டவ்வும் பாயும் இருந்தன. பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டவ்வைக் கையில் எடுத்தேன்.

ரிஞ்சு சாவிக்குக் கை நீட்டியிருந்தான். "இருங்க தம்பி, நான் பூட்டித் தாரேன்" என்றாள் அம்மா. பிறகு உள்ளே பார்த்து, "வெளிய வாலே" என்றாள்.

வந்தேன். என் முதுகுக்குப் பின்னால் அவள் அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பினாள்.