பீடத்தில் வைத்த கௌதாரி

அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில் அந்தச் சிறிய சபையில், அறுப்பின் பண்டிகையன்று வீட்டுக் காணிக்கையைப் புது மருமகள்தான் பீடத்துக்குச் சுமந்து போவாள். மற்றவர்கள் வாழைக்குலையும் பூசணியும் சேவலுமாக வரிசையில் நின்றார்கள். ரெஜிலாவின் கையில் மாமனார் சத்தியராஜ் தந்திருந்தது மூடிய பனையோலைப் பெட்டி. உள்ளே என்னவென்று கேட்டதற்கு, கொண்டு வைத்த பிறகு பார்த்துக்கொள் என்று சிரித்தார்.

பாதி வழியில் பெட்டிக்குள் ஏதோ பிறாண்டியது. போதகர் ஜெபித்துவிட்டு மூடியை லேசாகத் திறந்தார். கால்கள் சேர்த்துக் கட்டப்பட்ட ஒரு கௌதாரி, கழுத்தை நீட்டி வெளிச்சத்தைப் பார்த்தது.

ரெஜிலா வடசேரிச் சந்தை இரைச்சலுக்குள் வளர்ந்தவள். முந்தின வாரம் தோட்டத்துக்குக் கஞ்சி கொண்டுபோனபோதுதான், ஓர் உடைமரத்தடியில் கௌதாரியை முதன்முதலாகப் பார்த்தாள். தாய் முன்னால் நடக்க, குஞ்சுகள் பின்னால் உருண்டு ஓடின. வரப்பில் ஏற முடியாமல் கடைசிக் குஞ்சு சறுக்கி விழ, தாய் திரும்பி வந்து காத்து நின்றது. அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு இருந்தபோது அவள் அதைச் சொன்னதும், சத்தியராஜ் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். புகுந்த வீட்டில் அவள் பேச்சை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். பெண்பிள்ளை இல்லாத மனிதர்.

ஆராதனை முடிந்து முற்றத்தில் காணிக்கைப் பொருள்களின் ஏலம் தொடங்கியபோது அவரிடம் போய் நின்றாள்.

"இத எங்க புடிச்சிய மாமா?"

"நீ சொன்னியே, அந்த உடைமர மூட்டுலதான். வெள்ளிக்கிழமை கண்ணியில விழுந்துது. நீ ஆசையாச் சொன்ன பறவ, உன் கையாலயே கர்த்தருக்குப் போகட்டும்னு வச்சேன் மக்கா."

அவள் நாளை எண்ணிப் பார்த்தாள். இன்று ஞாயிற்றுக்கிழமை. குஞ்சுகளுக்குத் தாயில்லாமல் இரண்டு ராத்திரி போய்விட்டது.

ஏலம் கூறிய ராஜையன் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த ஷாஜன், ரெஜிலாவின் கணவன் எட்சனுக்குச் சித்தப்பா மகன், இது என் சட்டிக்கென்றே பிறந்தது என்று சொல்லி விலை கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ரெஜிலா கையை உயர்த்தினாள்.

"மதினிக்கும் நாக்கு ஊறுது பாத்துக்கோ" என்றான் ஷாஜன்.

ராஜையன் தயங்கினார். கர்த்தருக்குக் கொடுத்த வீட்டுக்காரர் அதைத் திரும்பக் கேட்கிற வழக்கம் இல்லை.

"வீட்டுக்கு இல்ல. அது இருந்த எடத்துல கொண்டு விடணும். அதுக்குக் குஞ்சு இருக்கு."

முற்றம் முழுவதும் சத்தியராஜைத் திரும்பிப் பார்த்தது. அவர் தோளில் கிடந்த நேரியலை எடுத்து மடிக்கத் தொடங்கினார். எட்சன் அருகில் வந்து, வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று மெதுவாகச் சொன்னான். அவள் கையை இறக்கவில்லை. கடைசியில் ஷாஜன்தான், மதினியே எடுக்கட்டும் என்று விலகிக்கொண்டான். இந்தமுறை அவன் சிரிக்கவில்லை.

அவள் பெட்டியோடு முன்னால் நடந்தாள். எட்சன் கூடவே வந்தான். வெகுதூரம் பின்னால், பண்டிகை வேட்டியோடு மாமனார் வந்தார்.

உடைமரத்தடியில் கட்டை அவிழ்த்துவிட்டாள். கௌதாரி நொண்டிக்கொண்டு நாலடி போய் நின்று, உரக்கக் கூப்பிட்டது. புதரில் அசைவில்லை. மறுபடியும் கூப்பிட்டது. ஆள் நின்றால் குஞ்சுகள் வெளியே வராது என்றான் எட்சன். மூவரும் ஓடைக்கரைக்கு ஒதுங்கினார்கள். வெயில் சாயும்வரை நின்றும் ஒன்றும் வரவில்லை. கௌதாரி கூப்பிட்டபடியே முள்காட்டுக்குள் போய் மறைந்தது.

"குஞ்சு இருக்குன்னு நீ சொன்னது என் காதுல விழாம இல்ல மக்கா" என்றார் சத்தியராஜ். "கேட்டுட்டுதான் கண்ணி வச்சேன். உனக்கு என்னத்தக் குடுக்கதுன்னு எனக்குத் தெரியல்ல."

பரவாயில்லை மாமா என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் முள்காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் மரத்தடிக்குத் திரும்பி வந்து குத்தவைத்து, மண்ணில் பதித்திருந்த மற்றக் கண்ணிகளைத் தேடிப் பிடுங்கினார். ஒன்று முள்ளுக்கு அடியில் இருந்தது. கை எட்டவில்லை. ரெஜிலா குனிந்து, அவர் முகத்தில் கீறாதபடி கிளையைத் தூக்கிப் பிடித்தாள்.

தூரத்தில் கௌதாரி இன்னொரு தடவை கூப்பிட்டது. மூவரும் அசையாமல் பதில் குரலுக்குக் காதுகொடுத்திருந்தார்கள்.