'கறண்ட் அம்பா'வுக்குக் கூ அடித்தவர்கள்

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. சுவிஸின் ஓர்லிகோன் கலை மன்றத்தின் செயலாளர் குலேந்திரன் அண்ணை மாசி மாதம் தொலைபேசியில் அழைத்தார். பீல் நகரில் இருக்கும் பாடகி றஞ்சினியின் 'கறண்ட் அம்பா' இசைத்தட்டு வெளிவந்து பத்து ஆண்டுகள் ஆகின்றன, விழா எடுக்கிறோம், மலருக்கு நாலு பக்கம் வேண்டும் என்றார்.

"எங்கட இசையின்ர மைல்கல், தம்பி. அண்டைக்கு மண்டபமே எழும்பி நிண்டதல்லோ, அதையும் எழுதும்."

அன்றைக்கு நானும் மண்டபத்தில் இருந்தேன். எழும்பி நின்றது உண்மை. கை தட்டுவதற்கு அல்ல.

கட்டுரை நகரவில்லை. கதை என்றால் பொய் சொல்லலாமே என்று (தவறு, 'உண்மை சொல்லலாமே' என்று திருத்தி வாசிக்கவும்) இதைத் தொடங்கினேன்.

2

முதல் தொடக்கம்: 'கடல் இல்லாத நாட்டில் ஒரு கடற்குரல்...' அடித்துவிட்டேன். சுவிஸில் தமிழ் எழுதுகிற எல்லோரும் கடல் இல்லையே என்று ஒரு தரமாவது அழுதிருக்கிறோம். றஞ்சினி மன்னார்க்காரி, அவருக்கு அந்த அழுகை கிடையாது. வீட்டுக்குக் கிட்ட ஏரி இருக்கிறது, போதும் என்பார்.

இரண்டாவது தொடக்கம்: 'றஞ்சினி ஒரு புரட்சி என்றால் அது...' வேண்டாம். அது குலேந்திரன் அண்ணையின் தலைமையுரைக்கு இருக்கட்டும்.

சரி, நடந்ததையே சொல்கிறேன்.

றஞ்சினிக்கு பீலில் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் வேலை. பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு எள்ளைவிடச் சிறிய திருகாணிகளைப் பொருத்துவார். கணவர் யோசப் ஒரு விடுதியில் சமையல்காரர். மன்றத்தின் விழா எதுவானாலும் றஞ்சினி அம்பா பாட வேண்டும். மீனவர்கள் கரைவலை இழுக்கும்போது சேர்ந்து பாடுகிற பாட்டுத்தான் அம்பா. அதற்காக மன்றம் அவருக்கு ஒரு கட்டம் போட்ட சேலையும் ஒரு கூடையும் அட்டையில் வெட்டிய ஒரு மீனும் கொடுக்கும். பாடி முடிந்ததும் மீனைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும்.

[அடிக்குறிப்பு: மீன் என் கற்பனை என்று நினைக்காதீர்கள். அதன் வாயில் ஒரு சிரிப்பும் வரைந்திருந்தார்கள்.]

"நாப்பது பேர் மூச்சுப் பிடிச்சு இழுக்கிற பாட்டு, தம்பி," என்றார் றஞ்சினி, நான் பேட்டி எடுக்கப் போனபோது. "நான் தனிய நிண்டு அட்டை மீனோட பாட, சனம் மிக்சர் சாப்பிடுது. அந்தப் பாரம் எங்கை போச்சுது எண்டு யோசிச்சன்."

பாரம் ஒரு நிலக்கீழ் அறையில் கிடைத்தது. பக்கத்து மேசையில் வேலை செய்த மிஷேல் டிரம்ஸ் அடிப்பவன். ஒரு சனிக்கிழமை அவன் வீட்டு அறையில் றஞ்சினி பாட, வலை இழுபடும் இடம் பார்த்து அவன் அடித்தான். ஒரு சொல்லும் அவனுக்கு விளங்கவில்லை, இழுவை விளங்கியது. அடுத்த கிழமை றஞ்சினி எலெக்ட்ரிக் கிற்றார் வாங்கினார். வயது நாற்பத்தொன்பது. விரல் நுனிகள் தோலுரிய ஒரு வருடம் பழகி, எட்டுப் பாட்டுகளைப் பதிவுசெய்தார்.

3

வெளியீடு ஒரு ஞாயிறு பின்னேரம். மீன் இல்லாமல் றஞ்சினி மேடையேறியதுமே முன்வரிசை முணுமுணுத்தது. முதல் தந்தி அதிர்ந்ததும், "ஐயோ, ஸ்பீக்கர் பழுதாப்போச்சு," என்று யாரோ உண்மையான கவலையோடு எழும்பினார். இரண்டாவது பாட்டில் கூ அடித்தார்கள். மூன்றாவதில் ஒருவர், "வயரைக் கழட்டுங்கோடா!" என்று கத்தினார். (அந்த ஒருவர் யார் என்பது கதைக்குத் தேவையில்லை.) குலேந்திரன் அண்ணை பண்பாட்டைக் காப்பாற்ற ஓடிப்போய் வயரைக் கழற்றினார்.

கிற்றார் செத்தது. றஞ்சினி நிறுத்தவில்லை. வெறும் தொண்டையால் மூன்றாவது பாட்டைப் பாடி முடித்தார். கூ அடிப்பது தமிழ் வழக்கமாக்கும் என்று நினைத்த மிஷேல் இன்னும் உற்சாகமாக அடித்தான்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஜேர்மன் மொழிப் பத்திரிகை அந்த இசைத்தட்டைப் பற்றி அரைப்பக்கம் எழுதியது. உடனே எங்களுக்குக் காது திறந்தது.

4

யோசப்பை என்ன செய்வதென்று தெரியவில்லை. நல்ல கணவர்கள் கதைக்கு உதவுவதில்லை. அவரை வெட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் றஞ்சினி சொன்னார்:

"அண்டைக்கு இவர் மட்டும்தான் கை தட்டினவர். வீட்டை வந்து அதைச் சொன்னவர். அதைப் பிடிச்சுக்கொண்டுதான் நான் பிறகும் பாடினனான்."

யோசப் அப்போது தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். கோப்பை நிறைந்தும் ஊற்றினார். நான் அதை வயது என்று குறித்துக்கொண்டேன்.

5

விழாவுக்கு மன்றம் வைத்த நிபந்தனை ஒன்றுதான். 'கறண்ட் அம்பா'வை முழுவதும் பாட வேண்டும், கறண்ட் இல்லாமல். தாளம் மட்டும் போதும், பெரியவர்கள் வருகிறார்கள் என்றார்கள்.

நான் இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் றஞ்சினி வர மறுக்கிறார். மற்றதில் வந்து அழுகிறார், மண்டபமும் அழுகிறது, மலரின் அட்டைக்கு நல்ல படம் கிடைக்கிறது.

றஞ்சினி இரண்டையும் கெடுத்தார். மிஷேல் ஸ்பீக்கரைத் தூக்கிவர, கிற்றாரோடு வந்தார்.

"றஞ்சினி, நாங்கள் கதைச்சது..." என்றார் குலேந்திரன் அண்ணை.

"ஓம் அண்ணை, நீங்கள் கதைச்சனீங்கள். நான் கேட்டுக்கொண்டு நிண்டனான்."

பிறகு ஒலிவாங்கிக்கு முன்னால் போனார். "அண்டைக்குக் கூ அடிச்ச ஆக்கள் ஒருக்காக் கையைத் தூக்குங்கோ. கோவம் இல்லை. மற்றவை மிக்சர் சாப்பிட, அவைதான் பாட்டைக் கேட்டவை. இண்டைக்கு அவைக்குத்தான் பாடப்போறன்."

முந்நூறு பேர். ஒரு கை இல்லை. குலேந்திரன் அண்ணை கூரையை ஆராய்ந்தார். எழுதுகிற என் வலது கையின் மேல் நானே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு கை எழும்பியது. யோசப்.

றஞ்சினி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை (இங்கே ஐந்து உவமைகள் கிழிக்கப்பட்டன) எழுத எனக்கு வரவில்லை. றஞ்சினி கிற்றார் வாரைத் தோளில் சரிசெய்தார். பிறகு குனிந்து, வயரைச் செருகி, எட்டுப் பாட்டையும் முழுச் சத்தத்தில் பாடினார். முதல் பாட்டு முடியும்வரை யோசப் கையை இறக்கவில்லை.

மண்டபமே எழும்பி நின்று கை தட்டியது. நானும்தான்.

"நான் சொன்னனான்தானே!" என்றார் குலேந்திரன் அண்ணை.

6

இனி எனக்குத் தெரியாதது. ஓர்லிகோனில் ரயில் ஏறி, சூரிச்சில் மாறி, பீல் போகும்வரை அவர்கள் இருவரும் எதிரெதிரே இருந்திருப்பார்கள். பத்து வருடம் ஒரு பொய்யின் மேல் நின்று பாடியவர் ஒரு பக்கம். அந்தப் பொய்யைச் சொல்லி அவரைப் பாட வைத்தவர் மறுபக்கம். கை தூக்காதவன் அந்தப் பெட்டியில் ஏறக்கூடாது. நீங்கள் ஏறுங்கள். முதல் வரியை மட்டும் தருகிறேன். மிச்சம் உங்கள் பாடு.

ரயில் அசைந்ததும் யோசப் சொன்னார்: "றஞ்சினி, அண்டைக்கு நான்