ஆயரின் கையும் லொறெயினின் கையும்

எனக்குக் கலியாணம் பேசிய சூசைதாசன் அங்கிள், கனடாவில் முதலில் பொருந்த வேண்டியது வேலை ஷிப்ற், குணமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார். மல்வேர்னில் என் அப்பா அமிர்தநாதருக்குச் சனி ஞாயிறில் இரட்டை ஷிப்ற். விட்பியில் மாப்பிள்ளையின் தகப்பன் கிறிஸ்துநாயகம் அங்கிளுக்கும் அப்படியே. 1994 மார்கழி பிறக்க முதல் இரண்டு வீட்டு ஆண்களும் வீட்டில் நிற்கும் நாள் ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் என்று, கலண்டரைக் கீறிக் கீறி அவர் கண்டுபிடித்தார்.

நாள் கிடைத்தது, மணி கிடைக்கவில்லை. பெண் பார்க்க இரண்டு மணிக்கு வரட்டுமா என்று கேட்டதும் என் அம்மா அன்ரனெற் "ரெண்டு சரிவராது" என்று வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டார். விட்பிக்கு ரெலிபோன் எடுத்தால், மாப்பிள்ளையின் தாய் வேரோனிக்கா அன்ரியும் அதே பதில். இரண்டரை என்றாலும் கூடாதாம். இருவரும் காரணம் சொல்லவில்லை.

"சிலுவை போடுற வேதக்காரர் எப்ப இருந்து அண்ணை இராகு காலம் பாக்கத் தொடங்கினவை?" என்று சூசைதாசன் அங்கிள் அப்பாவிடம் கேட்டார். "அதுவும் வெள்ளிக்கிழமை இராகு காலம் பத்தரைக்கெல்லோ வாறது."

அப்பாவுக்கு எங்கள் வீட்டு இராகு காலம் தெரியும். சொல்ல வெட்கப்பட்டுச் சிரித்து மழுப்பினார். கடைசியில் மூன்றரை மணி என்று முடிவாயிற்று.

அந்த இராகு காலம் திங்கள் முதல் வெள்ளி வரை, பிற்பகல் இரண்டிலிருந்து மூன்று வரை. எல்லைக்கு அப்பால் பஃபலோ ரிவிச் சனல் ஒன்றில் ஓடிய அமெரிக்கத் தொடர் நாடகம் அது. அம்மா யாழ்ப்பாணத்தில் அரிவரி படித்த காலத்தில் தொடங்கியதாம். நாற்பது வருடமாகியும் முடிகிற எண்ணமே இல்லை. ஹார்ட்வெல் என்று ஒரு ஊர், அதில் ஒரு ஆஸ்பத்திரி, நாலு பணக்காரக் குடும்பம். அந்த ஊரில் லொறெயின் என்றொருத்தி. ஏழு தரம் கலியாணம் கட்டியவள், அதில் மூன்று தரம் ஒரே டொக்டரை. இரண்டு தரம் செத்தும் இருக்கிறாள். இரண்டாம் தரம் அவள் செத்தபோது அம்மா ஒரு செபமாலை சொன்னார். மூன்று மாதத்தில் அவள் திரும்பி வந்ததும், அது செபமாலையின் பலன் என்றார்.

இதை வெளியில் மூச்சு விடக்கூடாது. கட்டிப்பிடிக்காத, கொஞ்சாத ஒரு நாள் ஹார்ட்வெல்லில் கிடையாது. கோயிலில் வாசகம் வாசிக்கிற அம்மா உதையெல்லாம் பார்க்கிறார் என்று தெரிந்தால் சனம் சிரிக்கும். அதிலும் வேரோனிக்கா அன்ரிக்குத் தெரியவே கூடாது. அவர் தங்கள் கோயிலில் மாதா பக்திச் சபையான மரியாயின் சேனையின் தலைவி. முந்தின வருடம் ஒரு சம்பந்தத்தை, பெண்ணின் தாய் பூசையில் சுவிங்கம் சப்பினாள் என்பதற்காகத் தட்டிவிட்டவர்.

என் பாடுதான் பெரும்பாடு. பெரியவர்கள் பேசி வருகிற மாப்பிள்ளை ஜெனாட்டும் நானும் கல்லூரியில் போட்டோக்கொப்பி மெசினுக்கு முன்னால் சண்டை பிடித்து, இரண்டு வருடமாகக் காதலித்து வந்தோம். சூசைதாசன் அங்கிளை எங்கள் வீட்டுக்கு அனுப்பியதே அவன்தான். அது நான்கு பெற்றோருக்கும் தெரியாது. "அம்மா வேண்டாமெண்டால் நான் மீறமாட்டன் கரோலின்" என்று அவன் முன்கூட்டியே சொல்லிவிட்டான். அதற்காகப் பத்து நாள் அவனோடு கதைக்காமல் இருந்தேன். பிறகு, பொய் சொல்லத் தெரியாத மனுசனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மன்னித்தேன். ஆக, அந்த வெள்ளிக்கிழமை வேரோனிக்கா அன்ரி ஓம் என்றால் எனக்கு ஜெனாட், இல்லை என்றால் இல்லை.

மூன்று மணிக்கு நாடகம் முடிந்த கையோடு அம்மா ரிவியை நிறுத்தி, அதன் மேல் பின்னல் துணி விரித்து, மாதா சுரூபத்தை வைத்தார். சரியாக மூன்றரைக்கு அவர்கள் வந்தார்கள். வேரோனிக்கா அன்ரி சோபாவின் நுனியில் இருந்தபடி அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். எந்தக் கோயில், எந்தப் பூசை, குடும்பச் செபம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஜெனாட் என்னை வாழ்நாளில் கண்டதில்லை என்ற பாவனையில் கார்ப்பெற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு நடிக்கத் தேவையில்லை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. சூசைதாசன் அங்கிள் மட்டும் மூன்றாவது ரோல்ஸ் பலகாரத்தில் கையை வைத்தார்.

பத்து நிமிடத்தில் கதை வற்றிப்போயிற்று. எங்கள் ஆட்களின் வீட்டில் கதை வற்றினால் வீடியோ போடுவது வழக்கம்.

"மகளின்ரை உறுதிபூசுதல் கசற் கிடக்கு, பாப்பமே" என்றார் அப்பா.

அன்ரியின் முகம் முதன்முறையாகக் கொஞ்சம் மலர்ந்தது. அப்பா அலுமாரியில் தேடி, லேபல் விழுந்துபோன ஒரு கசற்றைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனார். 1988இல் ஆயர் எண்ணெய் பூசி என் விசுவாசத்தை உறுதிப்படுத்திய நாளின் கோயில் திரையில் வந்தது. பதினைந்து வயதில் வெள்ளைச் சட்டையோடு நான் வரிசையில் நின்றேன். முறை வந்து முழந்தாளிட்டேன். ஆயர் பெருவிரலை எண்ணெயில் தோய்த்து, கையை என் நெற்றியை நோக்கிக் கொண்டு வந்தார்.

படார் என்று ஒரு அறை விழுந்தது.

அறைந்தது லொறெயின். வாங்கியவன் டொக்டர். அவள் உடம்பில் இரவுச் சட்டை மட்டும் இருந்தது, அதுவும் ஏதோ கடமைக்கு இருந்தது.

தேத்தண்ணீர்த் தட்டோடு, ரிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்த அப்பாவுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. "அந்தக் காலத்தில உறுதிபூசேக்க ஆயர் கன்னத்தில தட்டுறவர்தானே" என்று அவர் விளக்கினார்.

எனக்கு நடந்தது விளங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை அம்மா பல்லுப் பிடுங்கப் போயிருந்தார். போகிற அவசரத்தில் கைக்கு வந்த கசற்றைப் போட்டு நாடகத்தைப் பதியவிட்டு, திரும்பி வந்து நாடகத்தை மட்டும் பார்த்திருக்கிறார். லேபல் இல்லாததால் அது எந்தக் கசற் என்று அவருக்கே தெரியாது. அம்மா இப்போது சிலையாகிவிட்டார். றிமோற் அன்ரியின் கைப்பைக்குக் கீழே கிடந்தது. திரையில் டொக்டர் லொறெயினை இழுத்து அணைக்க ஆயத்தமானான். என் வாழ்க்கையே போகிறது என்று நான் பாய்ந்து போய் ரிவியில் கை வைத்தேன்.

"பிள்ளை, உதை நிப்பாட்டாதையும்."

வேரோனிக்கா அன்ரியின் குரல்தான். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் சோபாவின் நுனியிலிருந்தும் முன்னுக்கு வந்திருந்தார்.

"உது செவ்வாய்க்கிழமை ஓடினது. அண்டைக்கு நான் பாக்கேல்லை. சுவாமியார் வீடு மந்திரிச்சு ஆசீர்வதிக்க வந்து, மூண்டு மணி மட்டும் எழும்பாமல் இருந்து கதைச்சவர்."

"எதைப் பாக்கேல்லை நீர்?" என்றார் கிறிஸ்துநாயகம் அங்கிள். "ரெண்டு மணிக்குப் போன் எடுத்தால் எடுக்க மாட்டீர். கேட்டால் செபம் எண்டெல்லோ சொன்னனீர்."

அன்ரி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "புதன்கிழமை பாத்தால் டொக்டருக்குக் கன்னம் வீங்கியிருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். "ஆர் அடிச்சது, ஏன் அடிச்சது, ஒண்டும் தெரியாது. மூண்டு நாளாய் எனக்கு நித்திரை இல்லை."

அம்மாவுக்கு உயிர் வந்தது. "அக்கா, அது டொக்டரில்லை. அவன்ரை இரட்டைத் தம்பி. சின்னனில கப்பலில துலைஞ்சவன்."

"நான் நினைச்சனான்" என்று அன்ரி தொடையில் தட்டினார். "அவன் தேத்தண்ணிக் கோப்பையை இடக்கையால தூக்கேக்கையே நினைச்சனான்."

பிறகு அங்கே பெண் பார்க்கிற கூட்டம் இருக்கவில்லை. லொறெயினின் முதல் புருசன், எரிந்துபோன மாளிகை, எரித்தவன், இன்னும் பிடிபடாமல் திரிபவன் என்று இருவரும் மாறி மாறிப் போட்டுடைத்தார்கள். அன்ரி சிரித்தபோது தோள் குலுங்கியது, கண்ணீர் வந்தது. கைலேஞ்சியால் துடைத்தவர் சட்டென்று சிரிப்பை நிறுத்திச் சொன்னார்.

"எண்பத்தாறில வந்தனான். அப்ப விட்பியில ஒரு தமிழ்ச் சனம் இல்லை. இவர் வேலைக்குப் போனால் இருட்டுமட்டும் என்னோட கதைக்க ஒரு குரல் இல்லை. இவள் ஒருத்திதான் ரெண்டு மணிக்கு ஒழுங்காய் வந்தவள்."

"எனக்கும் அப்பிடித்தான் அக்கா. பதினோராம் மாடியில, கதவைப் பூட்டிக்கொண்டு" என்றார் அம்மா.

அம்மா இப்படிச் சொல்லி நான் கேட்டதேயில்லை. அந்த நேரமெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். திரும்பி வந்து, உதென்ன விசர் நாடகம் என்று பழித்திருக்கிறேன். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெனாட் நடிப்பை மறந்து தன் கைலேஞ்சியை எனக்கு நீட்டினான். நல்லவேளை, ஒருவரும் பார்க்கவில்லை.

சூசைதாசன் அங்கிள் வாயைத் துடைத்துக்கொண்டு கனைத்தார். "அப்ப, சீதனம் அது இதெண்டு ஏதும்..."

"சீதனம் ஒண்டும் வேண்டாம்" என்றார் வேரோனிக்கா அன்ரி. பிறகு குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் கேட்டார். "பங்குனியில எனக்குப் பித்தப்பை ஒப்பிரேசன். ஆறு கிழமை விட்டுப்போச்சு. கிடக்கோ?"

அம்மா எழும்பி அறைக்குள் போனார். கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு சப்பாத்துப் பெட்டியை இழுத்து வந்தார். "கிழமைக்கு ஒரு கசற். ஆறும் கிடக்கு."

அன்ரி பெட்டியை மடியில் வைத்து அணைத்துக்கொண்டார். எனக்கோ, பெண் பார்க்க வந்தவர்கள் என்னைப் பார்க்கவேயில்லையே என்று கோபம் வரத் தொடங்கியது. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை, நீர் உது பாக்கிறனீரோ?"

ஜெனாட் ஓம் என்று சொல்லச் சொல்லிக் கண்ணால் கெஞ்சினான். பொய் சொல்லத் தெரியாத மனுசன் எனக்குப் பொய் சொல்லக் கற்றுத் தருகிறான்.

"இல்லை அன்ரி. எனக்குப் பிடிக்காது."

அவர் பெட்டியை மடியில் நேராக்கி வைத்தார். "நல்லது" என்றார். "ரெண்டு மணிக்கு ரெலிபோன் எடுக்க வீட்டில ஒராள் வேணும்தானே."

சித்திரையில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு எங்களுக்குக் கலியாணம் நடந்தது. அந்த மணியைச் சூசைதாசன் அங்கிள் பயந்து பயந்துதான் சொன்னார். "சனிக்கிழமை நாடகமில்லை" என்று இரண்டு தாய்மாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

ஆயர் என் நெற்றியில் எண்ணெய் பூசியதற்கு இன்று ஒரு சாட்சியும் இல்லை. எங்கள் கலியாண வீடியோ மூன்று கசற் இருக்கிறது. என்றாலும் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும், எனக்கு மாமியாகிவிட்ட வேரோனிக்கா அன்ரி போடச் சொல்வது லேபல் இல்லாத அந்தக் கசற்றைத்தான். அம்மாவும் பக்கத்தில் வந்து இருப்பார். நான் முழந்தாளிடுவேன், ஆயரின் கை மெல்ல எழும்பும், இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். அறை விழும்.

"வந்திட்டாள்" என்பார் மாமி, வாசலில் சொந்தக்காரரைக் கண்ட சந்தோசத்தோடு.