நன்னடத்தைக்கு ஒரு ஜாமீன்

காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் போலீஸ் வந்து சட்டிபானைகளை உருட்டிய சத்தத்தில், ஏழாயிரம்பண்ணையின் அந்தத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. வீரலட்சுமியின் பிள்ளை மட்டும் கண் விழிக்கவில்லை. தூளியில் கிடந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தையை ஏட்டு எட்டிப் பார்த்தார்.

"எம்புட்டு அடக்கமான பிள்ளை! எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, ஊரையே கூட்டுது" என்றார். சொல்லிக்கொண்டே தூளிக்கயிற்றில் தொங்கிய துணி முடிச்சை அவிழ்த்தார். சாராயம் தேடி வந்தவருக்கு அபின் கிடைத்தது.

வீரலட்சுமி பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிறவள். அங்கே நடந்த வெடி விபத்தில்தான் அவள் புருஷன் போனான். அதே கம்பெனியில் அவளுக்கு வேலை கொடுத்ததை முதலாளி சண்முகவேல் பெரிய தருமமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கைப்பிள்ளைக்காரிகள் வேப்பமரத்தில் தூளி கட்டிவிட்டு ஷெட்டுக்குள் போக வேண்டும். பிள்ளை அழுதால் தாய்க்குக் கை ஓடாது. தாய்க்குக் கை ஓடாவிட்டால் தீபாவளி ஆர்டர் முடியாது. அதனால் மேஸ்திரி சீனிச்சாமி வாராவாரம் தாய்மார்களுக்கு அபின் கொடுப்பார். கடுகளவு கிள்ளிப் பாலில் கரைத்துப் புகட்ட வேண்டும். மாட்டேன் என்றவளுக்கு மறுநாள் வேலை கிடையாது. வீரலட்சுமியின் பிள்ளை இன்னும் எழுந்து நிற்கவில்லை, அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. அபின்தான் அதை இப்படி ஆக்கியது என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் சாத்தூர் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். பிள்ளை அழுதால் மாஜிஸ்திரேட்டுக்குக் கோபம் வரும் என்று, மேஸ்திரி காலையிலேயே கோர்ட் வாசலுக்கு வந்து ஓர் அபின் உருண்டையைக் கரைத்துப் புகட்டியிருந்தார்.

மாஜிஸ்திரேட் இரக்கமுள்ள மனிதர். தோளில் தூங்கிய பிள்ளையைப் பார்த்து உருகிப்போனார்.

"முதல் குற்றம், அதுலயும் விதவை. பிள்ளைய எவ்வளவு ஒழுக்கமா வளர்த்திருக்கா பாருங்க, ஒரு சத்தமில்லை! உன்னை நன்னடத்தை ஜாமீன்ல விடுறேன்மா. கௌரவமான ஆம்பிளை ஒருத்தர் பொறுப்பேத்துக்கணும். அப்பன், அண்ணன், தம்பி உண்டா?"

"யாருமில்லைய்யா."

கூட வேலை பார்க்கும் பேச்சியம்மாள் கையைத் தூக்கினாள். "நான் பாத்துக்கிடுதேன்யா."

"பொம்பளைக்குப் பொம்பளை ஜாமீனா?" என்று மாஜிஸ்திரேட் சிரித்தார். அவர் சிரித்ததால் வக்கீல்களும் சிரித்தார்கள்.

அப்போது சண்முகவேல் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தபடி எழுந்தார். "நான் பொறுப்பு எடுத்துக்கிடுதேன் ஐயா. எம்மக மாதிரி. ஒரு வருஷம் எங்க கம்பெனிய விட்டு வேற எங்கயும் போகக் கூடாதுன்னு மட்டும் உத்தரவுல எழுதிருங்க. என் கண்ணு முன்னாலயே திருந்தட்டும்."

இப்படிப்பட்ட பெரிய மனிதர்களால்தான் நாட்டில் மழை பெய்கிறது என்று மாஜிஸ்திரேட் மனதார நம்பினார்.

"ஐயா, அந்த அபினே அவுக கம்பெனியில குடுத்ததுதான்" என்றாள் வீரலட்சுமி.

"அது இப்ப விசாரணையில இல்லம்மா. உன் குற்றம் மட்டுந்தான் விசாரணை."

"அவுக பொறுப்புல விட்டா மறுபடியும் குடுப்பாகளே?"

"குடுத்தா நீ வாங்கக் கூடாது. வாங்கினா ஜாமீன்தாரர் அவரே போலீசுல சொல்லிடுவார்."

சண்முகவேல் பணிவாகத் தலையாட்டினார்.

வீரலட்சுமி பிள்ளையை மறு தோளுக்கு மாற்றினாள். "ஜாமீன் வேண்டாம்னா என்ன செய்வீகய்யா?"

"மூணு மாசம் ஜெயில்."

"பிள்ளை?"

"உன்னோட இருக்கலாம். சர்க்காரே பால் குடுக்கும்."

"அங்கன அபின் குடுப்பாகளா?"

மாஜிஸ்திரேட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஜெயிலுக்குள்ள அபினா? ஒரு பொட்டுகூட உள்ளே போகாது!"

"அப்ப எனக்கு ஜெயிலே போதும்யா."

கோர்ட்டே திகைத்தது. குற்றவாளியை வெளியே விடுவதற்காக மாஜிஸ்திரேட் கெஞ்சினார், அரசு வக்கீலும் கெஞ்சினார். அவள் அசையவில்லை. கடைசியில் மனமுடைந்த மாஜிஸ்திரேட், திருந்தக் கிடைத்த வாய்ப்பை மறுத்தவள் என்று எழுதித் தண்டித்தார். "நன்றி கெட்ட சனம்" என்று முணுமுணுத்துக்கொண்டே சண்முகவேல் காருக்குப் போனார்.

வெளியே காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் வீரலட்சுமி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஜெயில்ல பிள்ளை அழுதா ஏசுவாகளாய்யா?"

"எவன் ஏசப் போறான்? அங்க எல்லாப் பிள்ளையும் ராவும் பகலும் கத்திக்கிட்டுத்தான் கெடக்கும்."

"அப்ப சீக்கிரம் கூட்டிட்டுப் போங்கய்யா" என்றாள்.