கயிற்றுக்கு அந்தப் பக்கம்

மண் ஆராய்ச்சி நிலையத்தில் அளவெடுக்கும் வேலை அவளுக்கு. பதினோரு வருடமாக வேரின் நீளம், இலையின் அகலம், மண்ணின் ஈரம் என்று எதையாவது அளந்து எழுதிக்கொண்டே இருந்தாள். "இவ உப்பு போடறதுக்கே ஸ்கேல் வச்சிருப்பா" என்று அண்ணி கிண்டல் செய்வாள்.

மூன்றாவது வருடமும் மழை ஏமாற்றியபோது, நிலையம் பத்து விவசாயிகளை வைத்து ஒரு சோதனையைத் தொடங்கியது. மக்கிய இலைதழை என்பதே இல்லாத மணல் நிலம். ஊற்றுகிற தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். பழுப்பு நிலக்கரியிலிருந்து எடுத்த ஹியூமிக், ஃபல்விக் அமிலங்களைக் கலந்துவிட்டால் மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும், வேர் சத்தை இழுத்துக்கொள்ளும் என்று இயக்குநர் நம்பினார். நம்பினால் போதாது, நிரூபிக்க வேண்டும். ஒவ்வொரு வயலிலும் நடுவே கயிறு கட்டினார்கள். இடப்பக்கச் சோளத்துக்கு அந்த அமிலங்கள் கலந்த கறுப்புத் தண்ணீர், வலப்பக்கத்துக்கு வெறும் தண்ணீர். வித்தியாசம் தெரிந்தால் அடுத்த வருடம் வட்டாரம் முழுக்கக் கொடுப்பார்கள்.

பத்தில் ஒன்று அவளுடைய அண்ணனின் வயல். அவள்தான் பேசிச் சேர்த்துவிட்டாள்.

ஐந்தாவது வாரம் அவள் போனபோது இடப்பக்கம் இடுப்பளவுக்குப் பச்சை. வலப்பக்கம் முழங்காலைத் தாண்டவில்லை. இலைகள் சுருண்டு கிடந்தன.

"பாப்பா, அந்தப் பக்கத்துக்கும் கொஞ்சம் ஊத்திடட்டுமா?" என்றான் அண்ணன்.

"ஐயோ, காரியமே கெட்டுடும்ணா. அது அப்படியே இருந்தாத்தான் இதோட அருமை தெரியும்."

"கண்ணெதிர்ல சாகுதேம்மா."

"சாகட்டும். அடுத்த வருஷம் ரெண்டு பக்கத்துக்கும் வரும்."

அவன் கறுப்புத் தண்ணீர்க் கேனை மூடிக் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்தான்.

எட்டாவது வாரம் வலப்பக்கம் நிமிர்ந்திருந்தது. இடப்பக்கம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. வலப்பக்க மண்ணை எடுத்துவந்து காரக் கரைசலில் குலுக்கி வைத்தாள். வெளிர் மஞ்சளாக இறங்க வேண்டியது டிகாக்‌ஷன் மாதிரி இறங்கியது. மறுபடியும் செய்தாள். அதே நிறம். கறுப்புத் தண்ணீர் பட்ட மண்தான் அப்படி இறங்கும்.

சாயங்காலம் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவன் வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணா, ஊத்தினியா?"

அவன் மறைக்கவில்லை. "ஊத்தினேன். இருந்ததுல பாதிய அந்தப் பக்கம் விட்டேன்."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"நீ வாரத்துக்கு ஒரு நாள் வந்து அளந்துட்டுப் போயிடற. நான் தினமும் அதுக்கு நடுவுல நடக்கறேன்."

"பாதி அளவு எதுக்கும் பத்தாதுண்ணா. இப்ப ரெண்டு பக்கமும் போச்சு."

அண்ணி உள்ளேயிருந்து ஈரக்கையோடு வந்தாள். "குடம் தூக்கினது நான். எழுதறதுன்னா என்னையும் சேர்த்து எழுது."

எட்டாவது வாரத்து அளவுகளை எழுத வேண்டிய தாள் இரண்டு நாள் அவள் மேஜையிலேயே கிடந்தது. ஐந்தாவது வாரத்துக் கணக்கையே ஒட்டி ஏதாவது எழுதிவைத்தால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. பேனாவை எடுத்தாள், கை வரவில்லை. மூன்றாம் நாள் இயக்குநரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

அவர் சத்தம் போடவில்லை. "மத்த வயல்களையும் பாத்துடும்மா" என்றார்.

பார்த்தாள். பத்தில் ஏழு வயல்களில் வலப்பக்க மண் பழுப்பாக இறங்கியது. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு செய்ததல்ல. பாதிப் பயிர் வாடுவதை ஏழு வீட்டிலும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சொன்னபடி நடந்த மூன்று வயல்களில் இடப்பக்கம் கதிர் முற்றியது. மற்றவற்றில் இரண்டு பக்கமும் பால் பிடிக்கும் முன்பே காய்ந்தது.

"மூணு வயலை வச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட மேலிடத்துல போய்க் கேக்கறது?" என்றார் இயக்குநர். 'வித்தியாசம் உறுதிப்படவில்லை' என்று அறிக்கை போனது. திட்டத்தை மூடிவிட்டார்கள். மிச்சக் கேன்களைத் திரும்ப வாங்கிவரும் வேலையும் அவள் தலையில் விழுந்தது.

அண்ணன் வயலில் கயிற்றை ஏற்கெனவே அவிழ்த்திருந்தார்கள். காய்ந்த தட்டைகளை ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவனே கேனைத் தூக்கி வண்டியில் வைத்தான்.

"பாப்பா, உண்மையச் சொல்லு. அது வேலை செஞ்சுதா?"

"செஞ்சுதுண்ணா."

"அப்ப நான்தான் கெடுத்துட்டேன்."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பிறகு வண்டியிலிருந்த கேனின் மூடியை இறுக்கினாள். அவன் ஆடுகளை ஓட்டப் போனான்.

அந்த மாதக் கடைசியில் அண்ணன் கல் குவாரி வேலைக்குக் கிளம்பிப் போனான். அண்ணி பழையபடி கிண்டல் செய்வதில்லை. இவள் போனால் உட்காரச் சொல்வாள், தண்ணீர் கொடுப்பாள். அவ்வளவுதான்.