தட்டிக்கு அந்தப் பக்கம்

இருபது புள்ளியில் பன்னிரண்டு கிடைக்காவிட்டால் என் நியமனம் இந்த வருடமும் நிரந்தரமாகாது. அந்த இருபதும் ஒரே தலைப்பில்: 'சக ஆசிரியருடன் தொடர்பாடலும் ஒத்துழைப்பும்'. மதிப்பீட்டுப் படிவத்தில் அதை வாசித்ததும் சிரிப்பு வந்தது. சக ஆசிரியை சீலாவோடு நான் கதைத்து இருபத்திரண்டு நாள்.

எங்கள் பள்ளிக்கூடம் துறைமுகத்தைப் பார்த்த ஒரு நீள மண்டபம். நடுவில் ஆள் உயரத்துக்குப் பலகைத் தட்டி. இந்தப் பக்கம் என் ஆறு ஏ, அந்தப் பக்கம் சீலாவின் ஆறு பி. அவருடைய பிள்ளைகள் பாட்டுப் பாடினால் என் கணக்கு காற்றோடு போய்விடும். ஒரு நாள் அதிபரிடம் நேரே போய் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம், என்ன செய்ய? அதற்குப் பிறகு சீலா என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, எனக்கென்ன குறைச்சல்!

இன்று காலை ஓர்ஸ் ஹில் கல்வி அலுவலகத்திலிருந்து மதிப்பீட்டாளர் தவராசா வந்தார். இரண்டு வகுப்பும் தெரிகிற மாதிரி, தட்டி முடிகிற இடத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். நான் வாய்ப்பாட்டைத் தொடங்கினேன். பிள்ளைகள் கூரை அதிரச் சொன்னார்கள். மூன்று பாடம் முடிய என்னைக் கூப்பிட்டார்.

"பரீனா டீச்சர், இந்த ஒழுங்கை ஆர் போட்டது?"

"என்ன ஒழுங்கு சேர்?"

"நீங்கள் வாய்ப்பாடு சொல்லேக்க அங்கால சத்தமில்லாமல் எழுத்து வேலை. அங்கால வாசிப்புத் தொடங்க, நீங்கள் கணக்கு எழுதக் குடுக்கிறீங்கள். ஒருக்காக்கூட மோதேல்ல."

திகைத்துப் போனேன். யாரும் போடவில்லை. முறைப்பாடு போன மறுநாளே சத்தத்தை நிறுத்தி எனக்கு இடம் விட்டவர் சீலா. அவர் தொடங்கினால் நானும் என்னையறியாமல் நிறுத்தியிருக்கிறேன். இப்போதுதான் உறைத்தது. துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. ஆனால் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"சேர், நாங்க கதைக்கிறதே இல்ல."

அவருடைய பேனை நின்றது. "கதைக்காத ஆக்களுக்குத் தொடர்பாடலுக்கு நான் எப்பிடிப் புள்ளி போடுறது?"

தட்டிக்கு மேலால் சீலாவின் தலை எழும்பியது. கதிரையில் ஏறியிருக்க வேண்டும்.

"அவக்கு முழுசாப் போடுங்கோ சேர். கோவிச்சுக்கொண்டு இருந்தது நான்தான்."

"இல்ல சேர்! முறைப்பாடு குடுத்தது நான். பிழை என்ட."

"நான் பிள்ளையளை அடக்கியிருக்க வேணும்!"

"ஏன் அடக்கணும்? பிள்ளையள் பாடட்டும்!"

இரண்டு வகுப்பும் கை தட்டி ஆரவாரித்தன. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"முதல்ல கதைச்சு முடியுங்கோ" என்று தவராசா சேர் காத்திருந்தார். எங்களால் முடிக்க ஏலவில்லை. இடைவேளை மணி அடித்தது. படிவத்தில் பதினெட்டு என்று எழுதிவிட்டு அவர் எழுந்து போனார்.

சீலா இன்னும் இறங்கவில்லை. நான் என் கதிரையையும் தட்டியோரம் இழுத்துப் போட்டு ஏறினேன்.