மஞ்சள் பையின் உட்புறம்

2017 அக்டோபர் 14, சனிக்கிழமை, காலை ஏழு நாற்பது. ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி கண்ணாடித் தொழிற்சாலையின் புகைபோக்கியைப் பாதிக்கு மேல் மறைத்திருந்தது, நீர் உறையும் நிலைக்கு ஆறு டிகிரி மேலே, காற்று இல்லை. பதினொரு ஆண்டுகளாக மூடிக் கிடக்கும் அந்தத் தொழிற்சாலையின் வண்டி நிறுத்துமிடத்தில்தான் எங்கள் உழவர் சந்தை மே முதல் அக்டோபர் வரை கூடுகிறது. அன்று அந்த ஆண்டின் கடைசிச் சந்தை. நான் வழக்கம்போல் முதல் மேசையில் அட்டை இயந்திரத்தைத் துடைத்து வைத்துவிட்டு, சந்தைக் குழுவுக்கு எழுதிய கடிதத்தின் பதிலுக்காகக் காத்திருந்தேன்.

என் மேசையின் வேலை எளியது. அரசின் உணவு உதவி அட்டை வைத்திருப்பவர்கள் அதை என்னிடம் தருவார்கள். பத்து டாலருக்குத் தேய்த்தால் இருபது டாலர் பெறுமான மரவில்லைகளைத் தருவேன். அவற்றைக் கொடுத்துச் சந்தையின் எந்தக் கடையிலும் காயும் கனியும் வாங்கலாம். இருந்தும், முதல் ஆண்டில் ஏறத்தாழ யாரும் வரவில்லை. நெடுஞ்சாலை ஓரத்து மலிவுக் கடையில் தகர டப்பா உணவுகளையே வாங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் ஆண்டில் ஒரு துணிப்பை யோசனையை நான் முன்வைத்தேன். ஒரு பக்கம் பெரிய எழுத்தில், ‘புதிய காய், நலமான குடும்பம்’. அட்டைக் குடும்பங்களுக்கு மட்டும், இலவசமாக. மஞ்சள் நிறத்தைத் தேர்ந்தெடுத்தவளும் நான்தான். தொலைவிலிருந்தும் தெரிய வேண்டும் என்று என் குறிப்பில் எழுதியிருந்தேன். தெரிந்தது.

குன்றின் மேலுள்ள பள்ளியில் முப்பத்தோராண்டு மொழிப் பாடம் நடத்தியவள் நான். வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். டெலோரா கட்லிப் மூன்றாம் வரிசையில், சன்னலோரம். விடைத்தாளை எப்போதும் கவிழ்த்துத்தான் தருவாள். நாற்பது வயதில் அவளுக்குச் சர்க்கரை முற்றியிருந்தது. கீரையும் காயும் நிறையச் சாப்பிடச் சொல்லி மருத்துவர் அனுப்பியிருந்தார். ஜூன் முதல் சனிக்கிழமை வந்தாள். வில்லைகளை வாங்கினாள். பையை நான்காக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கட்டுக் கீரையைக் கையிலேயே பிடித்திருந்தாள்.

கீரைக்காரர் ஓர்வில் ஹாம்ரிக் எல்லாரையும் சீண்டுகிறவர். “ஏம்மா, பைக்குள்ள பாம்பா இருக்கு? திறக்கவே பயப்படற?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டெலோராவும் சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் பையில் தக்காளி இருந்தது. பை உட்புறம் வெளியாகப் புரட்டப்பட்டிருந்தது. மெல்லிய துணி வழியே எழுத்துகள் வலமிடம் மாறி மங்கித் தெரிந்தன. கவனியாமல் எடுத்து வந்துவிட்டாள் என்று நினைத்தேன். பள்ளியில் சட்டையைத் திருப்பிப் போட்டு வந்த எத்தனையோ பிள்ளைகளுக்குச் சரியாகப் போட்டுவிட்டிருக்கிறேன். எழுந்தேன். “டெலோரா, பையைத் திருப்பி வச்சிருக்கே பாரு” என்று சொல்லி, அவள் கையிலிருந்து அதை வாங்கி, தக்காளிகளை ஒவ்வொன்றாக என் மேசையில் எடுத்து வைத்து, பையைப் புரட்டி, உதறி, மீண்டும் நிரப்பி, எழுத்து வெளியே தெரியும்படி அவளிடம் நீட்டினேன். வரிசையில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அவள் பாத்திரம் கழுவும் உணவகத்தின் முதலாளியம்மாளும் அவர்களில் ஒருவர்.

“தேங்க்ஸ், டீச்சர்” என்றாள். வகுப்பில் திருத்தப்பட்டபோதெல்லாம் சொன்ன அதே குரல். ஒரு பிழையைச் சரிசெய்த நிறைவு எனக்கு இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

அதன்பின் அவள் வரவில்லை. இரண்டு முறை அவள் வீட்டுக் கதவிடுக்கில் அவரைக்காய்ச் சமையல் குறிப்போடு சந்தை அறிவிப்பைச் செருகி வந்தேன். மூன்றாம் முறை போனபோது சன்னல் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. ஊரின் குடும்பங்களைச் சந்தைக்கு அழைத்துவருவது எப்படி என்று நான் ஹாம்ரிக்கிடம் கவலைப்பட்டபோது அவர் கீரையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அவ வர மாட்டா, டீச்சரம்மா.”

ஏன் என்று கேட்டேன்.

“படிச்சவங்க நீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?” ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். “எங்க பள்ளிக்கூடத்துல காசு குடுக்கறவனுக்கு வெள்ளைச் சீட்டு, இலவசச் சாப்பாட்டுக்கு நீலச் சீட்டு. நான் நாலு வருசம் பசிக்கலன்னு சொல்லிக்கிட்டே ஓட்டுனேன்.”

அவர் படித்தது குன்றின் மேலுள்ள பள்ளியில்தான். நீலச் சீட்டுகளைக் கொடுக்கும் வேலை என் முறைக்கும் வந்திருக்கிறது.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி டெலோரா இறந்தாள். காலில் ஆறாத புண். காரணங்கள் பல என்றார் மருத்துவர். தக்காளியைப் பற்றி யாரும் பேசவில்லை. அடக்கம் முடிந்த பின் ஒரு பாத்திரத்தில் வேகவைத்த அவரையோடு அந்த வீட்டுக்குப் போனேன். சமையலறைக் கதவின் ஆணியில் மஞ்சள் பை தொங்கியது. மீண்டும் புரட்டப்பட்டிருந்தது. அதனுள் ஊசி மருந்துப் பெட்டிகள். மூத்த மகள் ட்ரீனா பாத்திரத்தை வாங்கிக்கொண்டு கதவைத் தள்ளியபோது, பையின் அடியில் மரவில்லைகள் ஒன்றோடொன்று மோதின.

“இதுக்குத் தேதி முடியாதுன்னு நீங்கதான் சொன்னீங்களாம்” என்றாள். “அம்மா வச்சிருந்தாங்க.”

மறுநாள் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். பையை நிறுத்துமாறு கேட்டேன். வில்லைகள் போதும், அடையாளம் வேண்டாம் என்று வாதங்களை வரிசைப்படுத்தினேன். ஒரு வாக்கியத்தை மட்டும் நான்கு முறை திருத்தினேன்: ‘பயனாளிகள் சிலர் எழுத்து தெரியாதவாறு பையைப் புரட்டிப் பிடிக்கின்றனர், இதைக் குழு கருத்தில் கொள்ள வேண்டும்.’ புரட்டப்பட்ட ஒரு பையை என் கை என்ன செய்தது என்பது நான்கு வடிவங்களிலும் இல்லை.

அதற்குப் பின்வந்த சனிக்கிழமைகளில் யார் கையில் வில்லைகள் உரசினாலும் அந்தச் சமையலறைக் கதவு திறப்பதுபோல் நிமிர்ந்து பார்த்தேன். மேசைத் துணியில் ஒரு தக்காளிக் கறை, ஜூனில் பட்டது, மூன்று முறை துவைத்தும் போகவில்லை. வேறு துணி வாங்கினேன். கறை இருந்த இடத்தில் கை வைப்பதை நிறுத்த முடியவில்லை.

அந்த அக்டோபர்க் காலையில் பனிக்குள்ளிருந்து முதலில் வந்தவை எழுத்துகள். வலமிடம் மாறிய, மங்கிய எழுத்துகள், முழங்கால் உயரத்தில், நடையின் அசைவோடு. பிறகு ஒரு பழுப்பு மேலங்கி. அந்த அங்கியை எனக்குத் தெரியும். எழுந்து நின்றுவிட்டேன், பெயரின் முதல் அசை வாய்க்கு வந்துவிட்டது. பனி விலகியபோது அது ட்ரீனா; தாயின் அங்கி தோளில் தொளதொளத்தது.

“அம்மாவோட வில்லைங்க. இன்னிக்குத்தானே கடைசி. இப்பவும் செல்லுமா?”

செல்லும் என்றேன்.

பை என் மேசைமேல், எனக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அவள் அதன் பிடியைத் தன் பக்கமாகச் சற்றே இழுத்துக்கொண்டாள். நான் உட்கார்ந்து இரு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவள் அதைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு ஹாம்ரிக்கின் கடைக்குப் போனாள். அவர் அன்று வேடிக்கை எதுவும் பேசவில்லை. கேட்டதற்கு மேல் ஒரு கட்டு வைத்தார்.

அப்போதுதான் குழுவின் செயலாளர் ப்ரூடென்ஸ் ஆல்கயர் காரிலிருந்து இறங்கி, ஓர் உறையோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

“டீச்சர், உங்க கடிதத்தை எல்லாரும் பாராட்டினாங்க. ஒருத்தர்கூட எதிர்க்கல. ஏழு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு.” உறையிலிருந்து தாளை உருவினார். “பையை நிறுத்தறது பத்தி அப்புறம் பேசிக்கலாம், சரியா? ஆனா நீங்க எடுத்துச் சொன்ன அந்தக் குறையைச் சரி பண்ணிட்டோம். வர்ற மே மாசத்துலேருந்து பைக்கு உள்பக்கமும் அச்சு. எப்படிப் புரட்டினாலும் எழுத்து நேராத் தெரியும்.”

அவர் தோளுக்குப் பின்னால் ட்ரீனா பனிக்குள் போய்க்கொண்டிருந்தாள். அங்கி முதலில் கரைந்தது. வலமிடம் மாறிய எழுத்துகள் சிறிது நேரம் தனியே அசைந்தன.

செயலாளர் தாளை நீட்டியபடியே நின்றார். என் கைகள் இன்னும் மேசைக்கு அடியில்தான் இருந்தன. ஒன்றை வெளியே எடுத்து வாங்கிக்கொண்டேன்.